வெல்வெட் சலங்கை

ரத்தினசாமி முதலியாருக்குச் சதிர் ஆட்டம் என்றாலே ஆகாது. சரியாகச் சொன்னால், ஊருக்கு ஆகாமல் இருந்த காலத்தில் அவருக்கும் ஆகவில்லை. கல்யாண வீடுகளில் தாசிகளின் ஆட்டத்தை நிறுத்தவேண்டும் என்று வேலூர்க் கோட்டை மைதானத்தில் வக்கீல்கள் பேசி முடித்து, கைதட்டலின் சூடு ஆறுவதற்குள் இவர் மேடையேறினார். அந்த ஆட்டத்தால் எத்தனை குடி கெட்டது தெரியுமா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தக் குடி என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே, கலவை ஊரில் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வந்த திமிரி ஊர்க் கனகாம்புஜத்தின் கோஷ்டியைத் தெருமுனையில் மறித்துத் திருப்பி அனுப்பினார். அதற்காக அவருக்கு ஒரு மாலை போட்டார்கள். காய்ந்து சருகாகும்வரை அது கூடத்தில் தொங்கியது.

ஏழெட்டு வருஷத்தில் சென்னப்பட்டணத்தில் காற்று மாறிவிட்டது. அதே ஆட்டத்தைக் குளிப்பாட்டி, புதுப்பெயர் வைத்து, சபாவில் உட்காரவைத்தார்கள். ஜட்ஜு வீட்டுப் பெண்கள் ஆடினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. இது ரிஷிகள் தந்த கலை என்று பெரிய மனிதர்கள் எழுதினார்கள். முதலியார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தாம் அன்றைக்கே இதைத்தான் சொன்னதாகச் சம்சாரம் தேசம்மாளிடம் சொன்னார். தேசம்மாள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அறிவுள்ள ஆள் அவள்தான்.

முதலியாரின் பிழைப்பு தோல். ஆம்பூரில் சர்தார் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுத நுழைந்தவர். பாஷா கூடவே உட்காரவைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்தார். பிறகு தனியாகத் தரகு பார்த்து, திருப்பத்தூர்ச் சந்தையிலிருந்து சென்னைத் துறைமுகம்வரை ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கைமாற்றி ஆளானார். ஆனால் வேலூரில் மாடி வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அந்தச் சொல்லே அவருக்குக் கசந்தது. காலையிலும் மாலையிலும் சந்தன சோப்புப் போட்டுக் குளித்தார். வீட்டில் யாரும் தோல் என்று வாய்தவறியும் சொல்லக்கூடாது. வாழைப்பழத்தின் மேலே இருப்பதைக்கூட 'மேல் உரி' என்றுதான் சொல்லவேண்டும். தொழில் என்ன என்று கேட்டவர்களுக்கு 'ஏற்றுமதி' என்றார். என்ன ஏற்றுமதி என்று கேட்டவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

அவருக்கு ஒரே பெண், அமிர்தவள்ளி. பதினேழு வயது. அவளை மயிலாப்பூரில் ஒரு ரிடையர்டு முன்சீப்பின் மகனுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு வேலூரில் எவனும் தம்மைத் 'தோல் முதலியார்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லமாட்டான் என்பது அவர் நினைப்பு. ஐப்பசியில் முன்சீப்பும் அவர் சம்சாரமும் காட்பாடியில் ரயில் இறங்கிப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்பார்கள், ஆர்மோனியத்தை இழுத்து ஒரு கீர்த்தனை பாடிவிடலாம் என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. முன்சீப்பின் சம்சாரமோ, "பெண் ஆடுவாளா?" என்று கேட்டாள். இப்போது தங்கள் பக்கத்தில் நல்ல வீடுகளில் எல்லாம் ஆடுகிறார்களாம்.

முதலியார் மூச்சுவிடாமல், "ஆடுவாளே. அதுலதான் அவளுக்கு உசிரு" என்றார்.

காப்பித் தட்டோடு வந்த அமிர்தவள்ளி அப்படியே நின்றாள். ஆடியில் கும்மி அடித்ததைத் தவிர அவள் கால் எதற்கும் தாளம் போட்டதில்லை. அப்படியானால் தை மாசம் ஒரு அரங்கேற்றம் வைத்துவிடுங்கள், பார்த்துவிட்டு நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுப் போனார்கள்.

தாமே வெட்டிய குழியில் தாமே விழுந்த கதையாக முதலியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு நாட்டியத்தைப் பற்றிப் பழிக்கத் தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது. மனசில் கேள்விகள் குவிந்தன. பதினேழு வயதில் ஆரம்பிக்கலாமா, மூட்டு முற்றிப் போயிருக்குமா? பெண் சற்றுப் பூசினாற்போல இருக்கிறாளே, அது தடையா? ஆடினால் பாதம் அகலமாகிவிடுமா? என்ன சாப்பிடவேண்டும், எதை விடவேண்டும்? மூன்று மாசத்தில் முடியுமா? கண்ணை உருட்டுகிறார்களே, அதை எந்த ஆண்பிள்ளையையும் பார்க்காமல் உருட்ட முடியுமா? எல்லாவற்றையும்விட அவரைக் குடைந்த கேள்வி ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு சுவடே இல்லாமல் இது மறந்துபோகுமா?

ஊரைக் கேட்டார். வேலூரில் ஆடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆடுவது எப்படி என்று தெரியாதவரும் ஒருவரும் இல்லை. கம்பவுண்டர் மூர்த்தி, உடம்பு லேசானால்தான் கால் எழும்பும் என்று சொல்லி வாரா வாரம் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், நாட்டியமும் டிரில்லும் ஒன்றுதான், ஒன்றில் விசில், மற்றதில் தாளம் என்று சொல்லிக் காலையில் வந்து 'லெப்ட் ரைட்' சொல்லிக்கொடுத்தார். கோயில் குருக்கள், விஜயதசமியில் ஆரம்பிக்காத வித்தை விளங்காது, ஆகவே அடுத்த விஜயதசமிவரை பொறுங்கள் என்றார். எதிர்வீட்டம்மாள், கழுத்து அசையவேண்டுமானால் தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கவேண்டும் என்றாள். ஜட்கா வண்டிக்காரன், யாரும் கேட்காமலே, கத்திரிக்காய் ஆகாது என்றான்.

முதலியார் எதையும் தள்ளவில்லை. அமிர்தவள்ளி விளக்கெண்ணெய் குடித்தாள், டிரில் செய்தாள், செம்போடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். கார்த்திகை பிறந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வலி வந்திருந்தது. ஆட்டம்தான் வரவில்லை.

ஒரு நாள் சோறு பரிமாறும்போது தேசம்மாள், "ஆடினவங்களைக் கேட்டா ஆவாதா?" என்றாள். முதலியார் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். மறுநாள் விடிந்ததும், நிலக்கடலை பூமி ஒன்று விலைக்கு வந்திருப்பதாக ஊருக்குச் சொல்லிவிட்டுக் கூண்டு வண்டியில் திரைபோட்டுக்கொண்டு திமிரிக்குப் புறப்பட்டார்.

கனகாம்புஜம் கோஷ்டியைக் கலைத்துவிட்டு, இருந்த கொஞ்ச நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. வந்தவர் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, மோர் கொண்டுவரச் சொன்னாள். முதலியாருக்கு அவளை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று புரியவில்லை. 'நீ' என்றால் காரியம் கெடும், 'நீங்கள்' என்றால் மானம் கெடும். அதனால் ஆளைச் சொல்லாமலே, தெரிஞ்சா சொல்லணும், ஒரு சந்தேகம் கேக்கணும் என்று மொட்டையாகவே பேச்சை ஓட்டினார்.

வயது பதினேழு, ஜாஸ்தியா என்று கேட்டார்.

"நாங்க அஞ்சுல ஆரம்பிச்சோம். அதுக்காக பதினேழுல கால் இல்லாமப் போய்டுமா? வலிக்கும். ஆடலாம்."

உடம்பு கொஞ்சம் பூசினாற்போல என்று இழுத்தார்.

"எனக்கு இருந்த உடம்பை நீங்க பாத்ததில்ல. பாக்கறதுக்குள்ளதான் தெரு முனையில திருப்பி அனுப்பிட்டீங்களே" என்றாள் கனகாம்புஜம். குரலில் கோபம் தெரியவில்லை. முதலியார் மோரை வேகமாகக் குடித்தார்.

தைக்குள் ஆகுமா என்றபோது அவள் ஒரு கடலையை உடைத்தபடி, பச்சைத் தோல் பதமாக எத்தனை நாள் ஆகும் என்று திருப்பிக் கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலியார் வண்டிக்காரன் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சரக்கைப் பொறுத்தது என்று மெதுவாகச் சொன்னார். அவசரப்பட்டுத் தொட்டியிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று அவள் விடவில்லை. விறைத்துப்போகும், மடித்தால் வெடிக்கும் என்றார். "இவ்ளோ தெரிஞ்சவரு என்னை இன்னாத்துக்குக் கேக்குறீங்க" என்றாள் அவள்.

அடுத்து அந்தக் கண் விஷயத்தைக் கேட்டார். ஆண்பிள்ளைகளைப் பார்க்காமல் அபிநயம் செய்ய வழியுண்டா?

"உண்டு. செவுத்தைப் பாத்துச் சிரிக்கலாம். செவுத்தைப் பாத்துச் சிரிக்கற பொண்ணை எந்த வீட்டுல கட்டிக்குவாங்கன்னுதான் எனக்குத் தெரியல."

முதலியார் செருமினார். கடைசியாக, கல்யாணத்துக்குப் பிறகு இது மறந்துவிடுமா என்று கேட்டார். இதுவரை பதில் சொல்லும்போதெல்லாம் கடலையை உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மறந்துடும்னுதான் எங்களுக்கும் சொன்னீங்க. இத்தினி வருசம் ஆச்சு. வெடியக்காலம் கால் தானா எழுந்துக்குது. எங்க போய் வெக்கிறதுன்னு தெரியல" என்றாள்.

இத்தனை கேட்டீர்களே, பெண்ணுக்கு இஷ்டமா என்று கேட்டீர்களா என்று அவள் விசாரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், குழந்தை என்றார் முதலியார். கனகாம்புஜம் கடலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். தன் தம்பி ஆதிகேசவன் நட்டுவனார், தாளம் தட்டும் தட்டுக்கழியைத் தொட்டு வருஷக்கணக்காகிறது, அவனை அனுப்புகிறேன் என்றாள். உள்ளே போய்ப் பழைய சலங்கைச் சோடி ஒன்றை எடுத்துவந்தாள். தடித்த ஆம்பூர்த் தோலில் வரிசை வரிசையாக மணிகள் இறுகத் தைத்திருந்தன. கால் வேகத்துக்கும் மணியின் பாரத்துக்கும் தோல்தான் தாங்கும், வேறு எதில் தைத்தாலும் பிய்த்துக்கொள்ளும், எடுத்துப்போங்கள் என்றாள். முதலியார் அதைத் தொடவில்லை. அது தாசியின் சலங்கை என்பது ஒன்று. தோல் என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரிய அவமானம் என்று வழிநெடுக யோசித்தபடி வேலூர் வந்து சேர்ந்தார்.

கம்பவுண்டர், டிரில் மாஸ்டர், ஜட்காக்காரன் யோசனைகளை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், ஆடினவள் சொன்ன ஒன்றை மட்டும் தள்ளினார். நம் ஊரில் யோசனை கேட்கிறவர்களின் லட்சணமே இதுதான்.

ஆதிகேசவன் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். முதல் வேலையாக விளக்கெண்ணெயை நிறுத்தினார். முதல் பத்து நாள் அமிர்தவள்ளி நொண்டிக்கொண்டே நடந்தாள், அப்பனையும் முன்சீப்பையும் மயிலாப்பூரையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு திட்டுவது குறைந்தது. மாவரைக்கும்போது அவள் பாதம் தரையைத் தட்டுவதைத் தேசம்மாள் கவனித்தாள். விடிவதற்கு முன்னால் மாடியில் தொம் தொம்மென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலியார் தோல் மண்டிக்குப் போயிருக்கும் நேரங்களில் அந்தச் சத்தத்தோடு சலங்கையும் கேட்டது. அக்காவின் சலங்கையை ஆதிகேசவன் தம் பையில் கொண்டுவந்திருந்தார்.

முதலியார் ஒரு நாளும் மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவேண்டியிருந்தது. முன்சீப் வரும் மண்டபத்தில் தோல் என்ற ஒன்று கண்ணில் படவே கூடாது. தையல்காரரைக் கூப்பிட்டுச் சிவப்பு வெல்வெட் பட்டையில் மணிகளைத் தைக்கச் சொன்னார், ஓரத்தில் ஜரிகை. இது நிற்காதுங்க என்றார் ஆதிகேசவன். தோல் அசுத்தம், தெய்வீகக் கலைக்கு ஆகாது என்றார் முதலியார். ஆதிகேசவன் மூலையில் இருந்த மிருதங்கத்தை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையால் முதலியாருக்குப் புதுக் கவலை பிடித்தது. மிருதங்கத்துக்குப் பட்டில் ஒரு சட்டை தைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் மூடினால் எங்கே அடிப்பது என்று மிருதங்கக்காரர் கேட்டபிறகு, சட்டை நடுவயிற்றோடு நின்றது.

சர்தார் பாஷாவை என்ன செய்வது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. கூப்பிடாவிட்டால் ஊர் சிரிக்கும், கூப்பிட்டால் மானம் போகும். கூப்பிட்டார். தை மாசம் அந்தச் சாயங்காலம், ஹைஸ்கூல் மண்டபத்து வாசலில் பாஷா வெள்ளைத் தலைப்பாகையும் கையில் பழத்தட்டுமாக வந்து இறங்கியதும், முதலியார் ஓடிப்போய் அவரை ஓரமாக இழுத்தார்.

"பாய், தப்பா நெனச்சிக்காதீங்க. சம்பந்தி வீட்டுல ஒங்களை அத்தர் வியாபாரின்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கி ஒரு நாளு."

பாஷா பழத்தட்டை அவர் கையில் வைத்தார். சோறு போட்ட தொழிலைச் சொல்ல வெட்கப்படுகிறானே என்று மனசு நொந்ததுதான். ஆனாலும் அவர் பெரிய மனிதர். "சரி தோஸ்த். அத்தர்னா அத்தர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், முதலியார் காட்டிய இடத்தில், முன்சீப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அத்தர் எதில் நன்றாகத் தயாராகும் என்று முன்சீப் மரியாதைக்கு விசாரித்தார். ஆவாரம்பட்டையில் ஊறவைத்தால் பிரமாதமாக வரும் என்றார் பாஷா, முகத்தில் சலனமே இல்லாமல். தோல் ஷாப்புத் தொட்டியில் ஆவாரம்பட்டையோடு ஊறுவது எது என்று வேலூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பின்வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. கோட்டை மைதானத்தில் அன்று கைதட்டியவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மூலைக்கு மூலை ஊதுவத்தி புகைந்தது. அமிர்தவள்ளி வந்து நின்று கும்பிட்டாள். ஆதிகேசவன் தட்டினார். அலாரிப்பு ஆரம்பமாயிற்று. கண் அசைந்தது, கழுத்து அசைந்தது, கை விரிந்தது. அதுவரை வெல்வெட் பொறுமையாக இருந்தது. கால் ஓங்கித் தட்டியதும் முதல் மணி கழன்று உருண்டது. அடுத்த தட்டில் நாலைந்து போயின. பிறகு தையல் கொத்தாக விட்டுக்கொடுத்தது. மேடையெங்கும் மணிகள் சிதறின. ஒன்று உருண்டு கீழே விழுந்து முன்சீப்பின் பூட்ஸில் முட்டி நின்றது. அமிர்தவள்ளி ஒரு மணியின்மேல் கால் வைத்துத் தடுமாறி, சுதாரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கணுக்காலில் ஜரிகை ஓரம் மட்டும் நூலாகத் தொங்கியது.

ஆதிகேசவன் தாளத்தை நிறுத்தி, பையில் கைவிட்டு அக்காவின் சலங்கையை எடுத்தார். முதலியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, அது கூடாது, வேண்டாம், உள்ளே வையுங்கள் என்று கையை ஆட்டினார். ஏன் என்று காரணம் சொல்ல வாய் வரவில்லை. நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன் என்று பாஷாவைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா தெரியும் தோஸ்த், நான் அத்தர் விக்கிறவன்" என்றார் பாஷா.

என்ன ஆட்சேபம் என்று முன்சீப் கேட்டார். கோர்ட்டில் கேட்டுப் பழகிய குரல். அதற்கு மேடையிலிருந்து அமிர்தவள்ளிதான் பதில் சொன்னாள்.

"தோல்ல தைச்சதுங்க. எங்க நைனாவுக்குத் தோல்னா ஆவாது."

சிரிப்பு பின்வரிசையில் பிறந்து முன்வரிசைக்கு வந்தது. முன்சீப்பும் சிரித்தார். முதலியாரின் கையைப் பிடித்து உட்காரவைத்து, உங்களுக்குத் தோல் தரகு என்று தெரிந்துதானே பெண் கேட்டு வந்தோம், பையனை அந்த வியாபாரத்தில் விட்டு லண்டனுக்கு அனுப்பலாம் என்று எங்களுக்கு ஒரு யோசனை, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றார். மயிலாப்பூருக்குக்கூட எந்தப் பக்கம் பண வாசனை வருகிறது என்று தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் சந்தன சோப்பும் ஊதுவத்தியும் வெல்வெட்டும் வீணாய்ப் போனதே என்று முதலியாருக்கு அழுகை வந்தது. பாஷாவின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை.

அதற்குள் அமிர்தவள்ளி மேடையிலேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, தோல் பட்டையை இழுத்து முடிச்சுப் போட்டாள். எழுந்து ஒரு தரம் காலைத் தட்டிப் பார்த்தாள். மணிகள் ஒரே குரலில் பேசின. அலாரிப்பை முதலிலிருந்து ஆடினாள், ஜதிஸ்வரமும் ஆடினாள். கைதட்டல் கூரையில் மோதியது. முதலியார் மேடையைப் பார்க்கவே இல்லை. முன்சீப் சம்சாரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்குத் திருப்திதான். குனிந்து முதலியாரிடம் சொன்னாள். பெண்ணுக்கு நன்றாக வருகிறது, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்றோடு போதும். ஆடத் தெரிந்த மருமகள் வேண்டுமே தவிர ஆடுகிற மருமகள் வேண்டாம், தங்கள் குடும்பத்தில் மேடையேறும் வழக்கம் கிடையாது என்றாள். முதலியார் அவள் முடிப்பதற்கு முன்னாலேயே தலையாட்டிவிட்டார். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதானே. குதித்து மேடையேறி, முன்சீப் வீட்டுச் சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது என்றும், தம் மகளின் இந்த ஆட்டமே முதலும் கடைசியும் என்றும் சபைக்கு அறிவித்தார். அதற்கும் ஊர் கை தட்டியது.

அமிர்தவள்ளி மூச்சிரைக்க நின்றிருந்தாள். மை கலைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"யாரைக் கேட்டு சொன்னே, நைனா?"

கீழே இறங்கு, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார் முதலியார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் இறங்கவில்லை.

"விளக்கெண்ணெ குடிடின்னே, குடிச்சேன். ஆடுன்னே, ஆடினேன். இப்ப எனக்கே ஆடணும் போல கீது, இப்பப் போய் நிறுத்துன்றே" என்றாள். திரும்பி, "வாத்தியாரே, அடுத்ததைப் போடுங்க" என்றாள்.

அடுத்தது ஒன்று இருப்பதே முதலியாருக்குத் தெரியாது. ஆதிகேசவன் கூலி கொடுக்கிறவரின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், அக்காவின் சலங்கை கட்டிய காலை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்.

முன்சீப் குடும்பம் எழுந்தது. முதலியார் அவர்கள் பின்னாலேயே வாசலுக்கு ஓடினார். சின்னப் பெண், தெரியாமல் செய்கிறாள் என்று கும்பிட்டார். வாடகைக் காரில் ஏறப்போன முன்சீப் சம்சாரம், போய் முதலில் நிறுத்துங்கள், நிறுத்தினால் வந்து உட்காருகிறோம், இல்லையென்றால் காட்பாடியில் ரயிலுக்கு நேரமாகிறது என்றாள். முதலியார் மறுபடி உள்ளே ஓடினார்.

உள்ளே போக வழியில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள், நின்றவர்கள் பெஞ்சுமேல் ஏறியிருந்தார்கள். கொஞ்சம் நகருங்கள் என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவர் பெண்ணின் ஆட்டத்துக்கு அவரே கடைசி வரிசையில், இரண்டு தோள்களுக்கு நடுவே, எட்டிப் பார்த்தபடி நிற்கவேண்டியதாயிற்று. அப்போதுதான் அவர் முதல்தடவையாக அமிர்தவள்ளி ஆடுவதைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்க்கவில்லை. நேரே மனிதர்களைப் பார்த்தாள், கோபித்தாள், பிறகு மனசு இரங்கிச் சிரித்தாள். இது தம் வீட்டில் மாவரைக்கிற பெண்ணா என்று முதலியார் குதிகாலை இன்னும் உயர்த்திக்கொண்டார். பெருமையாக இருந்தது. யாரிடமாவது இவள் என் பெண் என்று சொல்லவேண்டும்போல இருந்தது. இவ்வளவும் தெரிந்தபிறகும், வெளியே காத்திருக்கும் காரை நினைத்து, நிறுத்து என்று சொல்ல வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார்.

அமிர்தவள்ளி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்த அடியை வைத்தாள்.

மண்டபம் இடிந்துவிடும்போலக் கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த கம்பவுண்டர் மூர்த்தி, தம் விளக்கெண்ணெய்தான் வேலை செய்திருக்கிறது என்ற பூரிப்பில் முதலியாரை இடித்தார்.

"இன்னா முதலியாரே, கையைத் தூக்கிக்கினே நிக்கிறீங்க. தட்டுங்க."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முதலியார் தட்டினார். ஊரே தட்டும்போது தட்டாமல் நிற்கிற தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.